வெங்காயம் வந்த வழியும் குலை போன வழியும்

2020 மார்ச் 15-ஆம் தேதி இந்தியா தன் வெங்காய ஏற்றுமதித் தடையை விலக்கிக்கொண்டது. முந்தைய ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி போட்ட தடை அது. அந்த ஐந்தரை மாதமும் மலேசியாவில் எங்கள் ஊரான தாப்பாவின் மளிகைக் கடைகளில் இந்திய வெங்காயம் அரிதாகத்தான் கண்ணில் பட்டது. சீன வெங்காயமும் ஹாலந்து வெங்காயமும் இருந்தன. வதக்கினால் நீர் விடுகிறது, சாம்பாரில் மணமே இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டே வாங்கினோம். "அக்கா, இந்தியா வெங்காயம் இனிமே வந்துரும்" என்று கடைக்காரத் தம்பி என் அக்காவிடம் சொன்ன அதே வாரத்தில், மார்ச் 18 அன்று, மலேசியாவில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அடுத்த வாரம், மார்ச் 25 முதல், இந்தியாவில் ஊரடங்கு.

வெங்காயத்தைத் தடுக்கும் சட்டம் அப்போது இந்த இரண்டு நாட்டிலும் இல்லை. ஆனால் அங்கே சந்தையில் மூட்டை தூக்க ஆள் இல்லை, லோரி ஓட்டுநர் ஊருக்குப் போய்விட்டார், துறைமுகத்தில் பாதிப் பேர்தான் வேலைக்கு வந்தார்கள். சட்டம் போட்டு நிறுத்தியபோது வராத வெங்காயம், சட்டத்தை எடுத்த பிறகும் தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் உணவுக்கு என்ன ஆயிற்று என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பத்து நாள்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அரசாங்கங்கள் இரண்டு விதமான கட்டுப்பாடுகளைப் போட்டன. ஒன்று, உணவின் மேலேயே போட்டது: அரிசியை அனுப்பாதே, வெங்காயத்தை அனுப்பாதே, எண்ணெயை அனுப்பாதே. மற்றது மனிதர்மேல் போட்டது: வீட்டை விட்டு வராதே, மாநிலம் தாண்டாதே, எல்லை தாண்டாதே. முதல் வகை தலைப்புச் செய்தி ஆயிற்று. ஆனால் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாத அந்த இரண்டாம் வகைதான் உணவை அதிகம் பாதித்தது, அதிக நாளும் பாதித்தது. தாப்பா மாதிரித் தோட்டப்புற ஊரில் இருந்தவர்கள் இதைப் புள்ளிவிவரம் பார்க்காமலே கண்ணால் பார்த்தோம்.

ஊரைத் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பேராக் மாநிலத்தின் தெற்கே, பத்தாங் பாடாங் மாவட்டத்தில், ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போகும் பழைய சாலையில் இருக்கிறது தாப்பா. சுற்றிலும் முன்பு பால்மரம், அதாவது ரப்பர். இப்போது பெரும்பாலும் பாமாயில் தரும் செம்பனை. ஊரிலிருந்து கிழக்கே பிரியும் சாலை லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டி, ரிங்லெட், தானா ராத்தா என்று கேமரன் மலைக்கு ஏறும். மலைக் காய்கறி ஏற்றிய லோரிகளில் ஒரு பகுதி இந்த வழியாகத்தான் இறங்கும். தோட்டத்துச் செம்பனைக் குலைகள் இந்தச் சாலைகளில்தான் ஆலைக்குப் போகும். அரிசி, வெங்காயம், பருப்பு, கோதுமை மாவு எல்லாம் துறைமுகத்திலிருந்து இங்கே வந்து சேரும். காலையில் வெளிநாட்டுக்குப் போகும் எண்ணெய்க்குக் காய் வெட்டுகிற ஊர், சாயங்காலம் வெளிநாட்டு வெங்காயத்தை நறுக்குகிறது. ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் நடுவில் நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம்.

மலைமேல் கொட்டிய காய்கறி

முதலில் உடைந்தது கேமரன் மலைக் காய்கறி. ஆணை தொடங்கிய சில நாளிலேயே விவசாயிகள் தக்காளியையும் கோஸையும் கீரையையும் டன் கணக்கில் கொட்டிய படங்கள் கைப்பேசிகளில் சுற்றின. அதே வாரத்தில் கோலாலம்பூரில் என் சித்தி பொண்ணு, பேரங்காடியில் காய்கறி அடுக்கு காலியாக இருக்கிறது என்று படம் அனுப்பினாள். இரண்டு படத்துக்கும் நடுவில் மூன்று, நான்கு மணி நேரப் பயணம்தான். ஒரு பக்கம் அழுகுகிறது, மறுபக்கம் இல்லை. இது எப்படி?

காய்கறி விளைவது ஒன்றுதான், ஆனால் அது போகும் பாதைகள் இரண்டு. ஒன்று வீட்டுச் சமையலுக்கு. மற்றது உணவகம், ஹோட்டல், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, ஒட்டுக்கடை, கல்யாண விருந்து ஆகியவற்றுக்கு. ஆணை வந்த அன்றே இரண்டாவது பாதை ஏறக்குறைய மூடிவிட்டது. உணவகங்கள் பொட்டலம் மட்டும்தான் கட்டித் தரலாம். இரவுச் சந்தையும் வாரச் சந்தையும் கிடையாது. பள்ளிகள் மூடல். ஏப்ரல் கடைசியில் தொடங்கிய ரமலான் மாதத்தில் வழக்கமான ரமலான் சந்தைகளும் நடக்கவில்லை. அவ்வளவு பேர் வெளியே சாப்பிட்டது வீட்டுக்குத் திரும்பியதும், வீட்டுப் பாதையில் நெரிசல். உணவகத்துக்குக் கூடையோடு போன கோஸை வீட்டுக்குத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். பேரங்காடிக்குப் போக வேண்டுமென்றால் அதைத் தரம் பிரித்து, அரைக் கிலோ, ஒரு கிலோவாகப் பொட்டலமிட்டு, விலைச்சீட்டு ஒட்ட வேண்டும். அதைச் செய்கிற கூடத்தில் பாதிப் பேருக்குத்தான் வேலைக்கு வர அனுமதி.

பொட்டலம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை அப்போது பலர் கவனிக்கவில்லை. உணவு அத்தியாவசியம் என்று அரசாங்கம் முதல் நாளே சொல்லிவிட்டது. ஆனால் உணவைப் போடும் அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் பையும் டின்னும் செய்கிற தொழிற்சாலை அத்தியாவசியமா? லோரியின் டயரை மாற்றும் பட்டறை? குளிர்சாதன அறையைப் பழுது பார்க்கிற ஆள்? ஒவ்வொன்றாக அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. ஒரு நாட்டின் உணவை எடுத்துப் பார்த்தால் அதில் உணவு கொஞ்சம்தான். மீதியெல்லாம் பெட்டியும் டயரும் டீசலும் கையெழுத்தும் என்பது அந்த வாரங்களில்தான் எனக்கு உறைத்தது.

துறைமுகத்திலும் இதே கதை. உணவுக் கொள்கலன்கள் வெளியேறலாம், மற்றவை முடியாது என்றார்கள். சரி. ஆனால் மற்றவை வெளியேறாவிட்டால் கிள்ளான் துறைமுகத்தில் இடம் நிரம்பிவிடும். இடம் நிரம்பினால் உணவுக் கொள்கலனை எங்கே இறக்குவது? மார்ச் கடைசியில் அத்தியாவசியமற்ற சரக்கையும் எடுத்துப் போகச் சில நாள் அவகாசம் கொடுத்த பிறகுதான் மூச்சுவிட முடிந்தது.

மொத்தச் சந்தையும் தப்பவில்லை. ஏப்ரல் 20 முதல் சிலாயாங் மொத்தச் சந்தையைச் சுற்றியிருந்த குடியிருப்புகள் முள்கம்பிக்குள் போயின. கோலாலம்பூருக்கும் சுற்று வட்டாரத்துக்கும் காய்கறி, மீன் பிரித்து அனுப்பும் இடம் அது. அங்கே மூட்டை தூக்குபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஒரே அறையில் பலர் அடைந்து வாழ்ந்தவர்கள். நோய் பரவியதில் ஆச்சரியம் இல்லை. சந்தைக்குள் ஆள் குறைந்தால் மலையிலிருந்து லோரி வந்தும் பயனில்லை. சரக்கை இறக்க நேரமாகும், அடுத்த நாள் லோரி தாமதமாகும், சாலட் இலை வாடிவிடும்.

பூவையும் விட்டுவிடக் கூடாது. கேமரன் மலைச் சாமந்தி ஜப்பான்வரை போகிறது. கோயில்கள் மூடி, கல்யாணங்கள் தள்ளிப்போய், ஏற்றுமதியும் தடுமாறிய அந்தப் பங்குனியில் பூந்தோட்டங்களைச் செடியோடு வெட்டிப் போட்டார்கள். எங்கள் ஊரில் மாலை கட்டும் அக்கா ஒருவர் ஏறக்குறைய மூன்று மாதம் ஊசியைத் தொடவில்லை. பயணிகள் விமானம் நின்றதும் பூவும் மீனும் பழமும் சிக்கிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உலகத்தில் விமானத்தில் போகும் சரக்கில் பாதியளவு, பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில்தான் போகும். ஆள் பறக்காவிட்டால் பூவும் பறக்காது.

குலை காத்திருக்காது

செம்பனை வேறு மாதிரி. வருஷம் முழுக்கக் காய்க்கும். பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை அதே மரத்துக்குத் திரும்பி வந்து பழுத்த குலையை வெட்ட வேண்டும். வெட்டியதை ஒரு நாளுக்குள் ஆலையில் அவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழத்துக்குள்ளேயே அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெட்டுவிடும். வெட்டாமல் விட்டாலும் தப்பில்லை என்று நினைக்க முடியாது. பழம் உதிர்ந்து மண்ணில் கிடக்கும், குலை மரத்திலேயே அழுகும். பூட்டிவைத்துவிட்டு ஊரடங்கு முடிந்ததும் திறக்கிற சரக்கு இல்லை இது.

இதனால்தான் மேற்கு மலேசியாவில் தோட்டங்களும் ஆலைகளும் அனுமதி வாங்கி இயங்கின. போர்னியோ தீவிலுள்ள சபா மாநிலத்தில் அப்படி நடக்கவில்லை. மார்ச் கடைசியில் தொழிலாளர் சிலருக்குத் தொற்று கண்டதும் தாவாவ், லகாட் டத்து, கினாபாத்தாங்கான் மாவட்டங்களில் தோட்டங்களையும் ஆலைகளையும் மூட மாநில அரசு உத்தரவிட்டது. பிறகு பக்கத்து மாவட்டங்களுக்கும் நீட்டித்தது. ஏப்ரலில்தான் நிபந்தனைகளோடு திறக்க விட்டார்கள். மலேசியச் செம்பனை எண்ணெயில் கால் பங்கு சபாவிலிருந்து வருகிறது. உலகச் செம்பனை எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும்தான் தருகின்றன. அப்படியிருக்க, அந்தக் கால் பங்கில் ஒரு பகுதி நின்றால் விலை ஏற வேண்டுமே?

ஏறவில்லை, இறங்கியது. 2020 ஜனவரியில் டன் 3,000 ரிங்கிட்டுக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் மே மாதத்தில் 2,000 ரிங்கிட் வாக்கில் வந்து நின்றது. காரணத்தைத் தேடினால் சென்னையிலும் மும்பையிலும் டெல்லியிலும் மூடிக் கிடந்த உணவகங்களில் போய் முடியும். இந்தியாவில் பாமாயிலைப் பெருமளவு இழுப்பது ஹோட்டல்களும் பலகாரக் கடைகளும் தின்பண்டத் தொழிற்சாலைகளும். வீட்டில் கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ கடுகெண்ணெயோ ஊற்றுகிறவர்கள், வெளியே சாப்பிடும் வடையும் பஜ்ஜியும் பாமாயிலில் பொரிந்தது. வடைச் சட்டி அடுப்பை விட்டு இறங்கியதும் தாப்பாவில் குலை விலை விழுந்தது. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கு அந்த நான்கைந்து மாதம் உரம் வாங்கவே கை நடுங்கியது. உரம் போடாத செம்பனை உடனே கோபித்துக்கொள்ளாது. ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்துக் காய்ப்பில் காட்டும்.

இதில் நோயோடு சம்பந்தமே இல்லாத ஒரு முடிச்சும் சேர்ந்துகொண்டது. மலேசியப் பிரதமராக இருந்த மகாதீர் காஷ்மீர் பற்றியும் இந்தியக் குடியுரிமைச் சட்டம் பற்றியும் சொன்ன கருத்துகளுக்குப் பிறகு, 2020 ஜனவரி 8 அன்று சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. 2019-இல் மலேசிய எண்ணெயை எல்லாரையும்விட அதிகம் வாங்கிய நாடு இந்தியா. மகாதீர் பதவி விலகி, மார்ச்சில் முகைதீன் யாசின் பிரதமரான பிறகு காற்று மாறியது. மே மாதம் இந்தியா மறுபடி வாங்க ஆரம்பித்தது. அதே மே மாதம் ஒரு லட்சம் டன் அரிசியை மலேசியாவுக்கு விற்க இந்திய ஏற்றுமதியாளர்கள் ஒப்பந்தம் செய்தார்கள். எண்ணெய் போனது, அரிசி வந்தது. ஜூலை முதல் டிசம்பர்வரை மலேசியா கச்சாச் செம்பனை எண்ணெய்க்கு ஏற்றுமதி வரியை முழுக்கத் தள்ளுபடி செய்ததும் விலையைத் தூக்கிவிட உதவியது.

அரிசிக் கணக்கு

2020 வாக்கில் மலேசியா சாப்பிட்ட அரிசியில் அறுபது, எழுபது விழுக்காடு இங்கேயே விளைந்தது. மீதி வியட்நாம், தாய்லாந்து, பாகிஸ்தான், மியன்மார், இந்தியா, கம்போடியா என்று வெளியிலிருந்து வர வேண்டும். கொண்டுவரும் உரிமை பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்திடம்.

2020 மார்ச் 24 அன்று வியட்நாம் புதிய ஏற்றுமதி ஒப்பந்தங்களை நிறுத்தியது. ஏப்ரல் 5 முதல் கம்போடியா வெள்ளை அரிசியையும் நெல்லையும் வெளியே விடவில்லை. இந்திய வியாபாரிகள் ஆள் இல்லாமல் புதிய ஒப்பந்தம் போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். எங்கள் ஊரில் மூன்று மூட்டை, நான்கு மூட்டை என்று அரிசி வாங்கிப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்துக் கதை தெரியும். போருக்கு முன்னால் மலாயா சாப்பிட்ட அரிசியில் பாதிக்கும் மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும்தான் வந்தது. கப்பல் நின்றதும் தோட்டங்களில் சோறு நின்றது. மரவள்ளிக்கிழங்கு நட்டு அதையே மூன்று வேளையும் தின்றார்கள். கிழங்கையும் உப்பையும் பார்த்தாலே எங்கள் பாட்டி எழுந்து போய்விடுவார்.

ஆனால் 2020 அப்படி ஆகவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. 2007–08-இல் இந்தியாவும் வியட்நாமும் கதவைச் சாத்தியபோது, வாங்கும் நாடுகள் பயந்து எந்த விலைக்கும் வாங்க, டன் 1,000 டாலர் வாக்கில் ஏறியது. 2020-இல் உலகக் கிடங்குகளில் சரக்கு நிறைய இருந்தது, விளைச்சலும் நன்றாக இருந்தது. வியட்நாம் ஏப்ரலில் 4 லட்சம் டன் அளவு வைத்து அனுப்பி, மே முதல் அளவையும் எடுத்துவிட்டது. கம்போடியாவும் மே 20 அன்று திறந்தது. அரிசி விலை ஏறியது, ஆனால் கை மீறவில்லை. உணவின் மேல் போட்ட கட்டுப்பாடுகள் இப்படிச் சில வாரத்தில் அவிழ்ந்தன. போட்டவனுக்கே நஷ்டம் என்பதால் அவனே அவிழ்த்தான்: விவசாயி நெல் விற்க வேண்டும், ஏற்றுமதியாளர் கடனைக் கட்ட வேண்டும்.

வெங்காயம் மட்டும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தது. மழையில் பயிர் கெட்டு உள்நாட்டு விலை ஏறியதால், 2020 செப்டம்பர் 14 அன்று இந்தியா மறுபடி தடை போட்டது. நவம்பர் 14 தீபாவளி. நெருங்கிய உறவினர்கூட மாநிலம் தாண்டி வர முடியாத அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி வதங்கியது ஹாலந்து வெங்காயத்தில். 2021 ஜனவரி 1-இல் தடை நீங்கியது.

ஆள் போன பிறகு

மனிதர்மேல் போட்ட கட்டுப்பாடு அப்படி அவிழவில்லை. என் கணக்கில் பெருந்தொற்றின் மிகப் பெரிய உணவுப் பாதிப்பு 2020-இல் நடக்கவே இல்லை. 2021-இலும் 2022-இலும் நடந்தது.

மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும் பங்கு வெளிநாட்டவர்; முக்கியமாக இந்தோனேசியர், அடுத்து வங்காளதேசத்தவர். 2020 ஜூன் மாதம் புதிதாக வெளிநாட்டுத் தொழிலாளர் எடுப்பதை அரசாங்கம் நிறுத்திவைத்தது. ஊரில் வேலை இழந்தவர்களுக்கு முதலில் வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தவறு இல்லை. எல்லையும் மூடியிருந்தது. ஏற்கெனவே இருந்தவர்களில் ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போனவர் திரும்ப முடியாது. புதியவர் வர முடியாது. ஒரு தோட்டத்தில் முப்பது பேர் வெட்டிய இடத்தில் பதினைந்து பேர் ஆனார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை வந்த அறுவடைச் சுற்று இருபது நாள், சில இடங்களில் ஒரு மாதம் ஆனது.

2020-இல் 19.1 மில்லியன் டன்னாக இருந்த நாட்டின் எண்ணெய் உற்பத்தி 2021-இல் 18.1 மில்லியன் டன்னுக்கு இறங்கியது. விலையோ எதிர்த்திசையில் ஓடியது. 2022 மார்ச்சில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. பிறகு ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியாவே பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி மே 23-இல்தான் திறந்தது. உலகமே மலேசியாவைப் பார்த்து எண்ணெய் கேட்ட அந்த நேரத்தில், எங்கள் ஊர்ப் பக்கம் உதிரிப் பழம் மரத்தடியில் சிவப்பாகப் பரவிக் கிடந்ததை நான் பார்த்தேன். பொறுக்க ஆள் இல்லை. 2021 செப்டம்பரில் 32,000 தோட்டத் தொழிலாளர்களைக் கொண்டுவரச் சிறப்பு அனுமதி கிடைத்தும், காகித வேலையும் தனிமைப்படுத்தலும் நாடுகளுக்கிடையே ஒப்பந்தமும் முடிந்து ஆள் வந்து சேர மாதக்கணக்கு ஆனது.

உள்ளூர்க்காரர்கள் ஏன் போகவில்லை என்று பலர் கேட்டார்கள். இதே மரங்களுக்கு நடுவில் பிறந்தவர்கள் இல்லையா நாம்? எனக்கு இந்தக் கேள்வி வலிக்கும். நம் பெற்றோர் தோட்டத்தை விட்டு வெளியேறியது சோம்பலால் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது, வீடும் வேலையும் சேர்ந்தே போயின. 2020-இல் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் நகராட்சிப் பகுதிகளில் மாதம் 1,200 வெள்ளி (ரிங்கிட்), தாப்பா மாதிரி மாவட்ட மன்றப் பகுதிகளில் 1,100 வெள்ளி. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே இருபது கிலோ குலையை அண்ணாந்து வெட்டி, அதைச் சரிவில் தள்ளுவண்டியில் தள்ளுகிற வேலைக்கு அந்தப் பணம். வேலை இழந்து ஊர் திரும்பிய சில பையன்கள் முயன்றார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம். கைப்பழக்கம் இல்லாமல் வெட்டினால் குலையும் கெடும், ஆளும் காயப்படுவான். இந்த வேலையைத் தேர்ச்சி இல்லாத வேலை என்று அழைப்பது பெரிய தவறு என்பதை ஆள் போன பிறகுதான் நாடு உணர்ந்தது.

கோழியிலும் இதே நீண்ட நிழல். கோழி இங்கே வளர்கிறது. ஆனால் அது தின்னும் மக்காச்சோளம் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது. 2020 கடைசியிலிருந்து உலகம் முழுக்கக் கொள்கலன் தட்டுப்பாடு, கப்பல் கட்டணம் பலமடங்கு, தீவன விலை ஏற்றம், அதற்குமேல் உக்ரைன் போர். உள்ளூரில் அரசாங்கம் கோழிக்கு உச்ச விலை வைத்திருந்தது. தீவனம் ஏறி, விற்கும் விலை ஏறாவிட்டால் பண்ணைக்காரர் என்ன செய்வார்? குஞ்சு எடுப்பதைக் குறைப்பார். 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. மாதத்துக்கு 36 லட்சம் கோழி. அப்போது தன் கோழியில் மூன்றில் ஒரு பங்கை இங்கிருந்து வாங்கிய சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைகள் கையைப் பிசைந்தன. இரண்டு ஆண்டுக்கு முன் வியட்நாம் அரிசிக்காக நாம் பட்ட பதற்றத்தை இப்போது நாம் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தோம். பண்ணைக் கோழிக்கு அக்டோபரில்தான் கதவு திறந்தது.

கடைக் கணக்குப் புத்தகம்

2020-இல் மலேசியாவின் உணவு இறக்குமதி 55 பில்லியன் ரிங்கிட்டைத் தாண்டியது. நாடு அவ்வளவு வாங்கியது என்பதால் எல்லாரும் சாப்பிட்டார்கள் என்று ஆகிவிடாது. 2021 ஜூன் 1-இல் மறுபடி முழு அடைப்பு வந்தபோது தாப்பாக் கடைகளில் அரிசி இருந்தது, எண்ணெய் இருந்தது, வெங்காயமும் இருந்தது. வாங்கும் கையில் காசு இல்லை. ஜூன் கடைசியில் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டி உதவி கேட்கும் இயக்கம் நாடெங்கும் பரவியது. எங்கள் பக்கத்துக் குடியிருப்பிலும் இரண்டு வீட்டில் தலையணை உறை தொங்கியது. ஒருவர் உணவகத்தில் ரொட்டி தட்டியவர். இன்னொருவர் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். இருவருமே உணவை விளைவிக்கவோ விற்கவோ தடை செய்யப்பட்டவர்கள் இல்லை. வேலைக்குப் போகத்தான் தடை.

வெங்காயம் பற்றிச் சொன்ன அந்தக் கடைக்காரத் தம்பி ஒரு நீளமான பாக்கிப் புத்தகம் வைத்திருக்கிறார். 2020-இல் அதில் பெரும்பாலும் வாரக் கணக்கு. 2021-இல் மாதக் கணக்கு. சேமநிதியிலிருந்து முன்கூட்டியே பணம் எடுக்க அரசாங்கம் விட்டபோது பலர் வந்து முதலில் இந்தப் பாக்கியைத்தான் அடைத்தார்கள் என்றார். வயதான காலத்துக்கு வைத்திருந்த பணம் அரிசிக்கும் பால்மாவுக்கும் போயிற்று. உணவுப் பாதுகாப்பு பற்றிய எந்த அறிக்கையிலும் அந்தத் தொகை ஏறாது. ஆனால் கட்டுப்பாட்டின் விலையில் அதுவும் ஒரு பங்குதான்.

2022 ஏப்ரலில் எல்லை திறந்தது. புதிய தொழிலாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். எங்கள் ஊர் அருகே ஒரு தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருக்கும் மாமா, வந்தவர்களுக்கு முதலில் குலை வெட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டு ஆள் போதாததால் மட்டைகள் வெட்டப்படாமல் மரத்தைச் சுற்றிக் காய்ந்து தொங்கின. புல் இடுப்பளவு நின்றது. எந்தக் குலை பழுத்தது என்று கீழிருந்து பார்க்கவே முடியவில்லை. முதல் மூன்று மாதம் மட்டை வெட்டிப் பாதை துலக்கும் வேலைதான் நடந்தது என்றார்.

அதன் பிறகும் கதவுகள் அடிக்கடி மூடுகின்றன. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியது. செப்டம்பரில் இறக்குமதி அரிசி விலை இங்கே டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200-க்கு ஏறியதும், விலை கட்டுப்படுத்தப்பட்ட உள்ளூர் அரிசி கடைகளிலிருந்து காணாமல் போனது. டிசம்பர் 8-இல் மறுபடி வெங்காயத் தடை. அடுத்த மே மாதம்வரை நீடித்தது. கடைக்காரத் தம்பி இப்போது இந்தியா, சீனா, ஹாலந்து என்று மூன்று மூட்டையையும் எப்போதும் பிரித்தே வைத்திருக்கிறார். இந்திய வெங்காயம் தாராளமாகக் கிடைக்கும் மாதங்களிலும் மற்ற இரண்டை எடுத்து உள்ளே வைப்பதில்லை.